பைன் காட்டு மூடுபனி: காத்திருந்து எடுக்கறதா, கம்ப்புல (கம்பாசிட்டிங், கம்ப்யூட்டர்ல காட்சிகளை ஒண்ணாக் கலக்கறது) போடறதா?

வட்டக்கானல்:
கொடைக்கானல் பைன் காட்டுல 10 வினாடி ஷாட். கேமரா தண்டவாள டிராக்ல நகரும், நாயகி பனிக்குள்ள நடந்து மறையணும். நிஜப் பனிக்குக் காத்திருக்கலாமா?

கம்ப்காரன்:
வேண்டாம். தெளிவா எடுத்துக் குடுங்க, பனியை நாங்க போட்டுக்கறோம். நிஜப் பனியில முதல் அடி மேட்ச்மூவுக்குத்தான் (எடுத்த காட்சியை வெச்சுக் கேமரா நகர்வைக் கணக்கிடறது). தூரத்து மரம் வெளுத்துட்டா சாஃப்ட்வேர் பின்தொடரப் புள்ளியே சிக்காது. அது நகர்ற பனி விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு வழுக்கும். கன்டினியுட்டி அதைவிட மோசம். முதல் டேக்ல 30 மீட்டர் தெரியும், மூணாவதுல வெயில் அடிக்கும்.

லென்ஸ்:
வெயில்ல எடுத்த காட்டுக்கு மேல பனி போட்டா பார்க்கச் சகிக்காது சார். பனிக்குள்ள வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறி வரும், நிழல் கரைஞ்சு போகும், மரப்பட்டை நனைஞ்சு கறுத்திருக்கும். உங்க பிளேட்ல (கேமராவுல எடுத்த மூலக் காட்சி) தரை முழுக்க நிழல் வெட்டுவெட்டாக் கிடக்கும். நடுவுல கொடியில வேட்டி காயப்போட்ட மாதிரி ஒரு வெள்ளை.

கம்ப்காரன்:
வெயில்ல எடுக்க யார் சொன்னா? மேகமூட்டத்துல எடுங்க, பட்டைக்குத் தண்ணி அடிங்க. அந்த 'வேட்டி' வர்றது தூரத்துக்கு நேர்கோட்டு ராம்ப் (தூரத்தோட ஒரே சீராப் பனி ஏறறது) போடறவங்களால. பனி எக்ஸ்பொனென்ஷியலா ஏறும், அதாவது ஒவ்வொரு மீட்டரும் மிச்சக் கான்ட்ராஸ்ட்ல ஒரே விகிதத்தைக் குறைக்கும். 60 மீட்டரோட பார்வை மங்கணும்னா அடர்த்தி மீட்டருக்கு 0.05. அப்போ 20 மீட்டர்ல இருக்கற மரத்துக்குக் கான்ட்ராஸ்ட் 37 சதவீதம் மிஞ்சும், 40ல 14, 60ல வெறும் 5. லீனியர்லதான் (வெளிச்சத்துக்கு நேர் விகிதமான மதிப்பு) கலக்கணும், லாக்ல (மடக்கையாச் சுருக்கின மதிப்பு) கலந்தா இந்தக் கணக்கு எதுவும் நிக்காது.

லென்ஸ்:
கணக்கு சரி. தூரத்துக்கு எங்க போவீங்க? சிஜி (கம்ப்யூட்டர்ல உருவாக்கின) மரம்னா டெப்த் பாஸ் (ஒவ்வொரு புள்ளியோட தூரத்தையும் சொல்ற படம்) இருக்கும், இது எடுத்த பிளேட். ஏஐ டெப்த் போட்டா ஊசியிலை குழையும், ஃபிரேமுக்கு ஃபிரேம் துடிக்கும். 240 ஃபிரேமுக்கு நாயகி கூந்தலை ரோட்டோ (ஃபிரேம் ஃபிரேமா விளிம்பு வரைஞ்சு பிரிக்கறது) பண்றது யாரு?

கம்ப்காரன்:
பைன் அடிமரம் நேரா, கிளையில்லாம நிக்கறதுதான் நமக்கு வசதி. மேட்ச்மூவ் வந்ததும் மரத்துக்கு ஒரு உருளை வெச்சாத் தூரம் கிடைச்சுடும். வானத்தை ஒட்டின ஊசியிலைக்கு லூமா கீ (வெளிச்ச வித்தியாசத்தை வெச்சுப் பிரிக்கறது) போதும். நாயகிக்கு ரோட்டோ பண்ணித்தான் ஆகணும், மறுக்கல. ஸ்பாட்ல நாலஞ்சு மரத்துக்கு டேப் பிடிச்சுத் தூரம் குறிச்சுட்டு வாங்க, மேட்ச்மூவோட அளவு அதுலதான் சரியாகும். ஸ்பாட் வெளிச்சத்தைப் பதிய கிரே பால், குரோம் பால் (சாம்பல் உருண்டை, கண்ணாடி மாதிரி உருண்டை), 2 ஸ்டாப் இடைவெளியில 7 எக்ஸ்போஷர் ஹெச்டிஆர்ஐ (பல வெளிச்ச அளவுல எடுத்துச் சேர்க்கற படம்). அதையும் விட்டுடாதீங்க.

லென்ஸ்:
பைனுக்கு ஒத்துக்கறேன். சோலைக்காட்டுக்கு நகர்ந்தா உங்க உருளை எங்க நிக்கும்? முறுக்கின கிளை, பாசி, காத்துக்கு ஆடற இலை.

வட்டக்கானல்:
அப்போ ஒரே டிராக்ல தெளிவா ஒண்ணு, பனியில ஒண்ணு எடுத்துட்டா?

கம்ப்காரன்:
கையால தள்ற டிராலி ரெண்டு தடவை ஒரே மாதிரி ஓடாது. மோஷன் கன்ட்ரோல் ரிக் (ஒரே நகர்வை அப்படியே திரும்பச் செய்யற இயந்திரம்) வேணும். அந்தச் சரிவுல அதை ஏத்தி மட்டம் பிடிக்கறதுக்குள்ள அரை நாள் போயிடும், புரொடியூசர்கிட்ட முதல்ல கேளுங்க.