புதிதாகத் தத்தெடுத்த காக்டீல் (கொண்டையுள்ள சிறு கிளி) ஜோடி சீறுகிறது

கேள்வி: கூண்டுக்குள் கைவிட்டாலே கொண்டையைப் படுக்க வைத்துச் சீறுகின்றன. எப்படிப் பழக்குவது?

பதில் 1: கொண்டையைப் படுக்க வைத்துச் சீறினால் பயம். முதல் வாரம் தீனி, தண்ணீர் மாற்ற மட்டும் கைவிடுங்கள். கூண்டு சுவரோரமாக, நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். மேலிருந்து இறங்கும் கை அவற்றுக்குப் பருந்துதான். பிறகு தினைக்கதிரைக் கம்பி வழியே நீட்டுங்கள். 5 நிமிடம், தினம் இருமுறை.

பதில் 2: அந்தக் கதிரைக் கூண்டில் தொங்கவிடாதீர்கள், கையில் மட்டுமே கிடைக்க வேண்டும். தயங்காமல் தின்றால், விரலைக் கால்களுக்குச் சற்று மேலே அடிவயிற்றில் மெல்ல வையுங்கள், ஏறும். கொத்தினால் வெடுக்கென இழுக்காதீர்கள். கொத்தினால் கை ஓடிவிடும் என்று கற்றுக்கொள்ளும். ஜோடி என்பதால் மெதுவாகத்தான் நெருங்கும்.

பதில் 3: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுக்கு மூச்சு வால் ஆடுகிறதா? அது பயமல்ல, மூச்சுக் கோளாறாக இருக்கலாம். பழக்குவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.