ஒளிபுகாமையா, ஒளிமறைப்பா? டீசல் புகைச் சோதனைக்கு ஒரு சொல்

வணக்கம்.

> டீசல் வண்டிச் சோதனையில் வரும் ‘ஒபாசிட்டி’க்கு (புகை ஒளியை மறிக்கும் அளவு) ‘ஒளிபுகாமை’ போதுமே. இயற்பியல் நூல்களில் ஏற்கெனவே உள்ள சொல்.

ஐயா, பலகையையும் கண்ணாடியையும் பிரித்துச் சொல்ல அது நல்ல சொல். புகைக்குப் பொருந்தவில்லை என்பதை என் பழைய டீசல் காரைப் புகைச் சான்றிதழுக்குக் கொண்டுபோனபோது உணர்ந்தேன்.

சோதனை செய்த இளைஞர் சைலன்சர் குழாயில் கருவியின் முனையைச் செருகிவிட்டு, கியர் போடாமல் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அடிவரை மிதிக்கச் சொன்னார். இன்ஜின் அலறியது. திரையில் எண் குபுக்கென்று ஏறி இறங்கியது. திரும்பத் திரும்ப மிதிக்கவைத்துச் சராசரி எடுத்தார்: 41. கருவிக்குள் புகையின் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் உணரி. விளக்கொளியில் எத்தனை பங்கைப் புகை மறித்தது என்பதே அந்த எண். அதன் அலகு ஹார்ட்ரிட்ஜ். பாரத் நிலை 4 என்னும் இந்திய மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்கு அது 65 வரை இருக்கலாம். நிலை 4 வண்டிக்கு 50.

இப்போது 41 ‘ஒளிபுகாமை’ என்று எழுதிப் பாருங்கள். ‘புகாமை’ எதிர்மறைச் சொல். ஒளி புகும் அல்லது புகாது. ‘பாதி புகாமை’ என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். சுத்தமான வண்டிக்கு ‘சுழி ஒளிபுகாமை’ என்று எழுத நேர்ந்தால், வண்டிக்காரர் தேறினாரா தோற்றாரா என்றே விளங்காது.

இன்னொருவர் தந்த ‘புகையடர்த்தி’ காதுக்கு இனிமையானதுதான். ஆனால் அடர்த்தி என்றால் நிறையைப் பருமனால் வகுப்பது என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். இந்தக் கருவி புகையை எடை போடுவதில்லை.

என் பரிந்துரை ‘ஒளிமறைப்பு’. ‘தலை மறைக்கிறது, கொஞ்சம் குனியுங்கள்’ என்று அன்றாடம் சொல்கிறோம். மேகம் சூரியனைப் பாதி மறைக்கும், முக்கால் மறைக்கும். அளவு ஏறி இறங்க அந்த வினை இடம் தருகிறது. நிலா விண்மீனை மறைப்பதற்கு வானியலார் ‘மறைப்பு’ என்பதும் இதற்கு இடையூறல்ல, கருத்து ஒன்றே.

பெட்ரோல் வண்டிக்கு இச்சொல் தேவையில்லை. அங்கே கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும்தான் அளக்கப்படுகின்றன, இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதவை. ஆகவே சான்றிதழின் டீசல் பகுதியில் மட்டும் ‘ஒளிமறைப்பு: 41, உச்சவரம்பு: 65’ என்று வரலாம்.

கருவிக்கு ‘ஒளிமறைப்புமானி’ நீளமாகப் படுகிறது. ‘புகைமானி’ போதுமா? பட்டறைக்காரர்கள் யாரேனும் இங்கிருந்தால் சொல்லுங்கள்.