மறு: மறு: லிவிங் ரூட் பிரிட்ஜ், தமிழில என்ன சொல்லுறது?

எல்லாருக்கும் வணக்கம். தரம் 9 புவியியல் செயலட்டை திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது, நான் இன்னும் ஒரு சொல்லிலயே நிக்கிறன். இந்தியாவின்ர மேகாலயாவில காசி சனங்கள் ரப்பர் அத்திமரத்தின்ர விழுதுகளை ஆத்துக்குக் குறுக்கால வளரவிட்டுப் பாலமாக்கினம், நொங்கிரியாட் எண்ட ஊரில இரண்டு தட்டுப் பாலமே இருக்கு. 'உயிருள்ள வேர்ப்பாலம்' எண்டு போட்டன். ஒரு பிள்ளை, "மிஸ், அப்ப உயிரில்லாத வேர்ப்பாலமும் இருக்கோ?" எண்டு கேட்டாள். எனக்கு மறுமொழி வரேல்லை.

———

டீச்சர், முதல்ல 'வேர்' வேண்டாம். கிளையிலயிருந்து இறங்குறது விழுது, அதின்ர பழைய சொல் வீழ். நாலடியார்ல கறையான் தின்ட ஆலமரத்தை 'மதலையாய் மற்றதன் வீழூன்றி யாங்கு' எண்டு வருது, மதலை எண்டா மகனும்தான் தாங்குற தூணும்தான், தளர்ந்த தகப்பனை மகன் தாங்குறதுக்கு அந்த உவமை, ஒரு சொல்லில இரண்டும் நிக்குது பாருங்கோ! வீழ்ப்பாலம் எண்டு போடுங்கோ. பாலத்தைச் சிங்களத்திலயும் பாலம எண்டுதான் சொல்லுறவை, அதைப் பற்றித் தனியா எழுதுறன்.

———

சேர், பிள்ளையள் அதை விழுற பாலம் எண்டுதான் வாசிப்பினம், பிறகு ஆர் ஏறுறது? என்ர தெரிவு வளர்பாலம். ஊறுகாய், சுடுகாடு மாதிரி வினைத்தொகை, வளர்ந்த, வளருற, வளரப்போற மூண்டு காலமும் உள்ளுக்க இருக்கு. நடுவில 'ப்' போட்டிடாதேங்கோ. ஜேர்மனியில ஸ்ருட்காட் பல்கலைக்கழகத்தில 2007இல தொடங்கின பௌபொட்டானிக் ஆய்வுக்குழு உயிர்மரங்களாலயே கட்டடம் வளர்க்கப் பாக்குது, அதுக்கும் வளர்மனை எண்டு கையோட ஒரு சொல் கிடைக்கும்.

———

அண்ணை, வளர்பாலம் அழகுதான், ஆனா எது வளருது எண்டு அதில இல்லை. கமுகந்தண்டை இரண்டாப் பிளந்து உள்ளைக் குடைஞ்சு, மெல்லிய விழுதை அதுக்குள்ள படுக்கவிட்டு மற்றக் கரை மட்டும் கூட்டிக்கொண்டு போகினம், அங்க போய் மண்ணில பிடிச்சாப் பிறகுதான் அது தடிக்கத் தொடங்கும், ஆள் நடக்கப் பத்து இருபது வருசம் போகும். மூங்கில் பாலம் அந்த மழைக்கு உக்கிப்போயிடும், இது வயசு போகப் போக இறுகும். இவ்வளவும் விழுதின்ர வேலை. காசி மொழியில இதுக்குப் பேர் ஜிங்கியெங் ஜ்ரி, ரப்பர் மரப் பாலம், அவ்வளவுதான். அந்தப் பேரில 'உயிருள்ள' எண்ட சொல்லே இல்லை. நாங்கள் ஏன் அதைத் தூக்கிக்கொண்டு திரியவேணும்? பட்ட மரத்தில விழுது இறங்காது. விழுதுப்பாலம் எண்டு நேற்று வகுப்பில எழுதினன், கேள்வி கேட்ட அதே பிள்ளை ஒண்டும் கேக்காமல் கொப்பியில ஆறு கீறி, இரண்டு கரையிலயும் மரம் கீறி, நடுவில கோடு கோடா இழுத்தாள்.

———

விழுதுப்பாலத்துக்கு நானும் ஓம். வீட்டுக்கு வளர்மனை எண்டதை விடமாட்டன்.

———

எல்லாரும் ஓம் எண்டாச்சு, அச்சுக்குக் குடுங்கோ. வீழ் எண்ட சொல்லை அடிக்குறிப்பிலயாவது போடுங்கோ, டீச்சர். மனை எண்டா கட்டின வீடோ வெறும் நிலமோ எண்டு அண்ணை முதல்ல சொல்லட்டும்.