புதுப்பிப்பு: நேரடி இரண்டாம் ஆண்டுக்கும் பிரகதி உதவித்தொகை உண்டு

பாலிடெக்னிக் முடித்து, அரசுப் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரும் அக்கா மகளுக்கு, முதலாமாண்டு சேர்பவர்களுக்குக் கிடைக்கும் உதவித்தொகை கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைக்கும்!

ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) மாணவிகளுக்குத் தரும் பிரகதி உதவித்தொகைத் திட்டத்தில், முதலாமாண்டு சேர்பவர்களுக்கும் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்பவர்களுக்கும் ஆண்டுக்கு 50,000 ரூபாய்தான். முதலாமாண்டில் சேர்ந்தால் அதிகபட்சம் 4 ஆண்டுகள், இவளுக்கு 3. குடும்ப வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக்கூடாது. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை பெறலாம்.

முக்கியமான விஷயம், சேரும் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். முதலாமாண்டில் விட்டவர்கள் இரண்டாமாண்டில் புதிதாகக் கேட்க முடியாது. அதைப் படித்ததும் நெஞ்சு பதறியது. அன்றிரவே டிப்ளமோ மதிப்பெண் பட்டியல்கள், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் தரையில் பரப்பி உட்கார்ந்துவிட்டோம். அப்புறம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பமும் போட்டாயிற்று. கல்லூரி சரிபார்ப்பு பாக்கி.