கரிசலில் 1964-ல் கட்டிய வீடு: மாடி எடுக்கலாமா, பின்னால் இழுக்கலாமா?

இரண்டாங்கட்டு:
கோவில்பட்டி பக்கம் கிராமம். தாத்தா 1964-ல் கட்டிய வீடு. 18 அடி அகலம், 54 அடி நீளம். தார்சா (தெருப்பக்கத் திண்ணை), பட்டாசல் (கூடம்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பதினெட்டு அங்குலச் சுவர். செங்கல், மண் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. பட்டாசலுக்கு மட்டும் கட்டை அடுக்கிய மட்டப்பா (தட்டைக் கூரை), மற்றதெல்லாம் ஓடு.

அம்மா தனியாக இருந்தாள். போன வருஷம் நான் சென்னை வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்துவிட்டேன். அம்மாவுக்கு மூட்டுவலி, ராத்திரியில் புறவாசல் கக்கூசுக்கு மூன்று படி இறங்கிப் போகிறாள். மகள் பத்தாவது. தார்சாவில்தான் படிப்பு. தெருவில் போகிற ஒருத்தர் விடாமல் ‘என்ன பாப்பா, எத்தனாவது?’ என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஒரு அறையும் குளியலறையும் வேண்டும். கையில் ஒன்பது லட்சம்.

ஒரு மேஸ்திரி ‘மட்டப்பா மேலேயே ரூம் போட்டுரலாம், அந்தக் காலத்துச் சுவரு, யானையைக் கட்டலாம்’ என்றார். இன்னொருவர் அடுப்படிச் சுவரை ஒட்டி வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிப் பின்னால் இழுக்கலாம் என்கிறார். மச்சான் ‘இடிச்சுட்டுப் புதுசா கட்டு’ என்கிறான். பணம் அவன் தரப்போவதில்லை.

அப்புறம் ஒன்று. அடுப்படியின் பின்சுவரில் ஒரு விரிசல் உண்டு. சித்திரையில் விரல் நுழையும், கார்த்திகையில் நூல் அளவுக்கு அடங்கிவிடும். வருஷா வருஷம் சிமெண்ட் வைத்து அடைக்கிறோம், மறுபடி விடுகிறது. புறவாசலில் ஒரு வேம்பு, சுவரிலிருந்து ஏழெட்டு அடி. வடக்குச் சுவர் சித்தப்பா வீட்டுக்கும் பொது.

கடகால்:
நீங்கள் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கோடையில் திறந்து மழையில் மூடுகிற விரிசல் என்றால் சுவரில் கோளாறு இல்லை, அடியில் இருக்கும் மண் மூச்சு விடுகிறது. கரிசல் ஈரம் பட்டால் பொங்கும், காய்ந்தால் சுருங்கும். பக்கத்தில் வேம்பும் நின்று உறிஞ்சினால் அந்த மூலை இன்னும் இறங்கும்.

சிமெண்ட் அடைப்பதை நிறுத்துங்கள். கோடையில் வைத்த சிமெண்ட், மழையில் சுவர் கூடிவரும்போது ஆப்பு மாதிரி நிற்கும். சுவர் வேறு இடத்தில் பிளக்கும்.

மாடி வேண்டாம். யானையைக் கட்டச் சுவர் தாங்கும், சரி. சுவரைத் தாங்குவது எது? பின்சுவர் ஓரமாக ஒரே ஒரு குழி தோண்டி, கடகால், அதாவது அஸ்திவாரம், எத்தனை அடியில் நிற்கிறது என்று பாருங்கள். பார்த்ததும் மூடிவிடுங்கள். ஒட்டி நெடுக வானம் தோண்டினால் பழைய கடகாலின் பக்கத்து மண் சரியும்.

புது அறை தன் காலில் தனியாக நிற்கட்டும். கரிசலுக்கு அண்டர் ரீம்டு பைல் என்று ஒன்று உண்டு. மண்ணைக் குடைந்து, அடியில் குடம் மாதிரி விரித்து, கம்பி இறக்கிக் கான்கிரீட் ஊற்றுவது. ஆழக் கரிசலில் குறைந்தது 3.5 மீட்டர் போக வேண்டும். அதற்குக் கீழே வெயிலும் மழையும் மண்ணை அவ்வளவாக ஆட்டாது. மேலே ஓடுகிற பீம் மண்ணைத் தொடக்கூடாது, மூன்று அங்குலம் இடைவெளி விடுங்கள். பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவில் ஒரு அங்குலம் விட்டு, மேலே தகடு போட்டு மூடுங்கள். இரண்டையும் கம்பியால் பிணைக்கிறேன் என்று மேஸ்திரி சொன்னால் விடாதீர்கள்.

வேம்பை அவசரப்பட்டு வெட்டவும் வேண்டாம். அது குடித்துக்கொண்டிருந்த ஈரம் மண்ணிலேயே தங்கி, இறங்கிய மூலை இப்போது பொங்கும்.

சாத்தூர்க்காரன்:
பட்டா யார் பேரில்? தாத்தா பேரிலேயே இருந்தால் பிளான் வாங்கும் இடத்தில் நிற்கும். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை வீட்டுக்கு ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம், ஆனால் பத்திரம் சரியாக இருக்க வேண்டும். பொதுச்சுவரில் ஆணி அடிக்கும் முன் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் சொல்லாமல் ஒரு பீமை ஏற்றினோம். பெரியப்பா மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை.

விளாத்திகுளம் அக்கா:
தம்பி, அம்மாவுக்கென்றால் குளியலறைக் கதவு மூன்று அடி அகலம் வையுங்க, வாசலில் படி வேண்டாம். அடுப்படித் தரை மட்டத்துக்கே புது அறையையும் தூக்கிடுங்க. கழிவுத் தண்ணீரை மட்டும் பழைய சுவர் பக்கம் விடாதீங்க, கரிசல் சீக்கிரம் குடிக்காது.

இரண்டாங்கட்டு:
ஞாயிற்றுக்கிழமை குழி தோண்டினோம். இரண்டரை அடியில் கடகாலின் கருங்கல் முடிந்துவிட்டது, அதற்குக் கீழே நேராகக் கரிசல். யானை மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பைல்தான் என்று முடிவு. வேம்பை விட்டுத் தள்ளி, தெற்கு ஓரமாக 10க்கு 14 ஒரு அறை, பக்கத்தில் குளியலறை. பட்டா இன்னும் தாத்தா பேரில்தான், வாரிசுச் சான்றுக்கு அலைய வேண்டும்.

சித்தப்பாவிடம் தயங்கித் தயங்கித்தான் பேச்செடுத்தேன். குழியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தன் அடுப்படிக்குக் கூட்டிப்போய், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் தூக்கிக் காட்டினார். அவர் பக்கமும் அதே விரிசல்.