லைக், வான்ட், க்ரேவ்: விருப்பம் சொல்லும் ஆங்கிலச் சொற்களோடு உங்களுக்கு நேர்ந்த அனுபவங்கள்

ஆங்கிலப் பயிற்சியாளராக உள்ள உறுப்பினர்:

வேலைக்குச் செல்லும் பெரியவர்களுக்கு நான் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். வகுப்பில் அதிகச் சிக்கல் தருபவை கடினமான சொற்கள் அல்ல. லைக், வான்ட் ஆகிய இரண்டும்தாம். என் மாணவி ஒருவர் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு, ‘ஐ வான்ட் யுவர் ரிப்ளை டுடே’ என்று மின்னஞ்சல் எழுதியிருந்தார். அதுவரை நட்போடு எழுதிவந்தவரிடமிருந்து இறுக்கமான ஒற்றை வரிப் பதில் வந்தது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லாததால் மாணவிக்குக் காரணம் விளங்கவில்லை.

‘இன்றைக்கே உங்கள் பதில் வேண்டும்’ என்று தமிழில் சொல்லும்போது, வேண்டுதலும் தேவையும் ஆணையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன; ‘ஐயா’ என்றோ ‘தயவுசெய்து’ என்றோ சேர்த்துவிட்டால் அதுவே பணிவான விண்ணப்பமாகிவிடும். வான்ட் அந்த அளவுக்கு வளைந்துகொடுப்பதில்லை. ப்ளீஸ் சேர்த்தாலும் கட்டளையின் தொனி முழுமையாக நீங்காது. ஆகவேதான் அவ்விடத்தில் ‘ஐ வுட் லைக்’ என்று தொடங்குவதோ, கேள்வியாக மாற்றி எழுதுவதோ வழக்கமாக இருக்கிறது.

ஸ்காண்டிநேவியர் முன்பு பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது வான்ட் என்பதற்கு ‘இல்லாதிருத்தல், குறைபடுதல்’ என்றே பொருள் இருந்தது. ‘ஃபார் வான்ட் ஆஃப் டைம்’ (நேரமின்மையால்) என்னும் தொடரில் அந்தப் பொருள் இன்றும் வாழ்கிறது. இதைக் கேட்ட பிறகு என் மாணவர்கள், ‘என்னிடம் இல்லை, கொடு’ என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டே அச்சொல்லை எழுதுகிறார்கள். உங்கள் அனுபவங்களையும் அறிய விரும்புகிறேன்.

மொழிபெயர்ப்பாளராக உள்ள உறுப்பினர்:

பழைய ஆங்கில எழுத்துகளைத் தமிழாக்கும்போது லைக் என்னும் சொல் எனக்கு இனிய வியப்பைத் தந்தது. ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட் நாடகத்தில் அரசன் ‘இட் லைக்ஸ் அஸ் வெல்’ என்கிறான். இக்கால ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இத்தொடரில் சற்றுத் தயங்கி நிற்பார். தமிழருக்கோ தயக்கமே வேண்டியதில்லை. ‘அது நமக்கு நன்கு பிடிக்கிறது’ என்று நேராக வந்து அமர்கிறது. லைக் ஒருகாலத்தில் ‘உவப்பூட்டுதல்’ என்று பொருள்பட்டது. விரும்பப்படும் பொருளே எழுவாயாக நின்றது, விரும்புகிறவர் நான்காம் வேற்றுமையில் நின்றார். நம் ‘எனக்குப் பிடிக்கும்’ இன்றுவரை அந்த அமைப்பைக் காத்து வருகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

லஸ்ட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘லஸ்ட் ஃபார் லைஃப்’ என்னும் தொடரை என்னுடன் பணியாற்றிய ஒருவர் ‘வாழ்வின் மீதான காமம்’ என்று எழுத, பதிப்பாசிரியர் உடனே அடித்துவிட்டார். அவர் செய்தது சரியே என்றாலும், அந்த நண்பரின் மொழியுணர்வு முற்றிலும் தவறானதன்று. பழைய ஆங்கிலத்தில் லஸ்ட் என்றால் பொதுவான இன்பமும் விருப்பமும்தான். காமத்துப்பால் என்னும் பெயரில் உள்ள காமமும் காதலின் முழுப் பரப்பையும் தழுவி நின்ற சொல்தானே. இரண்டும் உடல் இச்சை என்னும் ஒரே திசையில் சுருங்கிவிட்டன. நாங்கள் இறுதியில் ‘வாழ்வின் மீது தீராத நாட்டம்’ என்று வைத்துக்கொண்டோம்.

மற்றோர் உறுப்பினர்:

என்னுடையது சிறிய அனுபவம். ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் 2009-இல் வந்தது. அதன்பின், தந்தை மறைந்த செய்தியை ஒரு நண்பர் பதிவிட்டபோது அதன்கீழ் நூற்றுக்கணக்கான லைக்குகள் குவிந்தன. ‘பார்த்தேன், உடனிருக்கிறேன்’ என்பதே அவற்றின் பொருள் என்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும். அவருடைய தாயாரோ மனம் நொந்துபோனார். வருத்தத்தைக் காட்டும் குறிகள் 2016-இல்தான் சேர்க்கப்பட்டன.

போதை மீட்பு ஆலோசகராக உள்ள உறுப்பினர்:

என் பணியில், போதைப்பொருளுக்காக எழும் கடும் நாட்டத்தைக் குறிக்கும் க்ரேவிங் என்னும் சொல்லை நாள்தோறும் கையாள்கிறேன். அதை ‘ஆசை’ என்று தமிழில் சொன்னால் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ‘இன்னும் உனக்கு ஆசை விடவில்லையா’ என்று கேட்டுவிடுகிறார்கள். ஆசை என்றால் மனம் வைத்தால் விட்டுவிடக்கூடியது என்றே கேட்பவர் கொள்கிறார். அதனால் நோயாளி ஒழுக்கக் குறைவுள்ளவராகிவிடுகிறார்.

சிகிச்சைக்கு வந்த ஒருவர், ‘எனக்கு இப்போது குடி பிடிப்பதே இல்லை, ஆனாலும் வேண்டும் என்று மட்டும் இருக்கிறது’ என்றார். பக்கத்தில் இருந்த உறவினர் அதைச் சாக்குப்போக்கு என்றே எண்ணினார். அன்று நான் நீண்ட நேரம் விளக்கினேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் ஆகியோர் 1993-இல் முன்வைத்த கோட்பாடு, லைக்கிங் (பிடித்தல்) வேறு, வான்ட்டிங் (நாட்டம்) வேறு என்று பிரிக்கிறது. மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்னும் வேதிப்பொருள் சார்ந்த மூளை அமைப்பு முதன்மையாக இயக்குவது நாட்டத்தையே. போதைப்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தும்போது அந்த அமைப்பு மேன்மேலும் கூர்மையடைய, கிடைக்கும் இன்பமோ உடன்வளராமல் நின்றுவிடலாம், குறையவும் கூடும். நோயாளி தம் எளிய தமிழில் சொன்னதும் இதுவேதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் மனநலக் கோளாறுகளைக் கண்டறிய 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில், போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாற்றைக் கண்டறியும் 11 அளவுகோல்களில் ஒன்றாக க்ரேவிங்கைப் புதிதாகச் சேர்த்தது.

இக்காரணத்தால், இனிப்பைப் பார்த்ததும் ‘க்ரேவிங்’ என்று இளைஞர்கள் சிரித்துக்கொண்டே சொல்வது எனக்கு உறுத்துகிறது. பேச்சு வழக்கை யாரும் தடுக்க முடியாது. ஆயினும் சிகிச்சை அறைக்கு வரும்போது அச்சொல் ஏற்கெனவே எடை இழந்து வருகிறது.

மொழிபெயர்ப்பாளர்:

ஆலோசகரின் பதிவுக்கு மிக்க நன்றி. பழைய ஆங்கிலத்தில் க்ரேவ் என்றால் உரிமையோடு கோருதல் என்று பொருள். ‘வேட்கை’ உங்களுக்குப் பொருந்தாதா? நீர்வேட்கை என்கிறோம், உடலே கேட்பது என்னும் குறிப்பு அதில் இருக்கிறதே.

ஆலோசகர்:

எண்ணிப் பார்த்திருக்கிறேன். ‘விடுதலை வேட்கை’, ‘அறிவு வேட்கை’ என்று உயர்ந்தவற்றுக்கும் அச்சொல் பழகிவிட்டதால், குடும்பத்தாரிடம் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ‘உள்ளிருந்து எழும் உந்துதல்’ என்றே இப்போது சொல்கிறேன். அப்படிச் சொன்னால், அது எப்போது எழுகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று உறவினர்கள் கேட்கத் தொடங்குகிறார்கள். எனக்குத் தேவையான கேள்விகள் அவையே.