குளிர்ல விமான எஞ்சினைச் சூடாக்கின அனுபவம்: யாருக்கு என்ன நடந்துச்சு?

நங்கநல்லூர்வாசி:
கனடா வின்னிபெக்ல பைலட் ட்ரெய்னிங். ஜனவரி காலை, மைனஸ் 26. பழைய செஸ்னா 172, சின்ன ட்ரெய்னிங் விமானம், ராத்திரி பூரா வெளியில நின்னது. எஞ்சின்ல எண்ணெய் தேங்குற சம்ப்புக்கு அடியில ஒட்டுற ஹீட்டர் மட்டும்தான், மேல போர்வை கிடையாது. எண்ணெய் அளவு பார்க்குற குச்சியை உருவினா எண்ணெய் நல்லா வழியுது. ஸ்டார்ட்டும் ஆச்சு. ஆயில் பிரஷர் முள் மட்டும் அடியிலேயே கிடந்துச்சு. அரை நிமிஷம் பார்த்துட்டு இன்ஸ்ட்ரக்டர் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துற மிக்சர் குமிழை இழுத்து அணைச்சுட்டார்.

சாயங்காலம் ஹேங்கர்ல மெக்கானிக் ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ள இருக்கிற மடிப்புத் தாளை விரிச்சு, டார்ச் அடிச்சு ஒவ்வொரு மடிப்பையும் விரலால நீவிக்கிட்டே வந்தார். ஒரு மடிப்புல விரல் நின்னுச்சு. அப்புறம் தாளைச் சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டார். மறுநாள் அதே விமானத்துல என்னை அனுப்பினாங்க. அந்த மடிப்புல என்னதான் இருந்துச்சு?

குரோம்பேட்டை ஏஎம்இ:
விமானப் பராமரிப்பு எஞ்சினியரா (ஏஎம்இ) சொல்றேன், முள் எழும்பலேன்னா பிரஷரே இல்லன்னு அர்த்தமில்ல சார். பழைய 172-ல கேஜ் வரைக்கும் மெல்லிசான குழாய்ல எண்ணெயே வருது. அது குழாய்க்குள்ள இறுகிட்டா முள் லேட்டாத்தான் அசையும். செஸ்னா கையேடே வெயில் காலத்துல 30 செகண்ட், கடுங்குளிர்ல அதுக்கு ரெண்டு மடங்கு பார்க்கலாம்ங்குது. உங்க இன்ஸ்ட்ரக்டர் அவசரப்பட்டுட்டார்.

நிஜமான ஆபத்து வேற. எஞ்சினோட கூடு கிராங்க்கேஸ் அலுமினியம், உள்ள சுத்துற தண்டு கிராங்க்ஷாஃப்ட் எஃகு. குளிர்ல அலுமினியம் எஃகை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சுருங்கும். கேஸ் ஷாஃப்ட்டை நெருக்கும், ஷாஃப்ட்டைத் தாங்குற பேரிங்ல இடைவெளி குறைஞ்சுடும். எண்ணெய் மட்டும் சூடா இருந்து என்ன பண்றது, உள்ள நுழைய இடம் வேணாமா? சம்ப் ஹீட்டர் போட்டா மட்டும் போதாது. சிலிண்டர், கேஸ், ஆயில் கூலர் எல்லாத்துக்கும் சூடு ஏறணும், எஞ்சினை மூடுற கௌலிங்குக்கு மேல போர்வை கண்டிப்பா வேணும். எஞ்சின் கம்பெனிகள்ல லைக்கமிங் பெரும்பாலான எஞ்சினுக்கு மைனஸ் 12-க்குக் கீழ போனாலே ப்ரீஹீட் பண்ண, அதாவது ஸ்டார்ட்டுக்கு முன்னாடி சூடாக்கச் சொல்லுது, கான்டினென்டல் மைனஸ் 7-க்கே சொல்லுது. எஞ்சின் உள்காத்து வெளியேறுற ப்ரீதர் குழாய் வாயையும் பாருங்க. அதுல ஐஸ் அடைச்சா உள்ள அழுத்தம் ஏறி, கிராங்க்ஷாஃப்ட் முன் சீல் பிதுங்கி, எண்ணெய் பூரா வெளியில கொட்டிடும்.

மடிப்பாக்கம் பைலட்:
அவர் கேட்டது மடிப்பைப் பத்தி, நீங்க கிளாஸே எடுத்துட்டீங்க 😀 எனக்கு நார்த் டகோட்டாவுல. எஞ்சின் லேசா இருமிட்டு நின்னுடுச்சு, அப்புறம் எவ்வளவு சுத்தினாலும் பிடிக்கல. ப்ளக்கைக் கழட்டினா எலெக்ட்ரோடு இடுக்குல வெள்ளையா ஐஸ்! பெட்ரோல் எரிஞ்சா நீராவி வருமில்லையா, எஞ்சின் சில்லுன்னு இருந்ததால அது அங்கேயே உறைஞ்சுடுச்சு. நெருப்பு பத்துற இடத்துல ஐஸ்னு சொன்னா எங்க அம்மா இன்னிக்கும் சிரிக்கிறாங்க.

பழைய பல்லாவரம்:
மார்கழியில 20 டிகிரிக்கே மஃப்ளர் கட்டுற ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு இதென்னப்பா பேச்சு. நாங்க மீனம்பாக்கத்துல மே மாசம் பட்ட பாட்டைக் கேளுங்க. இன்ஜெக்‌ஷன் எஞ்சின், இறங்கி ஒரு டீ குடிச்சுட்டு வந்தா ஃபியூயல் லைன்ல பெட்ரோல் ஆவியாகிடும், ஸ்டார்ட்டே ஆகாது. மிக்சரை மூடி, த்ராட்டிலைப் பாதி திறந்து சுத்தணும், பிடிச்சதும் மிக்சரைத் தள்ளணும். இதுக்கு யாராச்சும் திரி ஆரம்பிச்சாங்களா?

நங்கநல்லூர்வாசி:
நீங்களே ஆரம்பிங்க சார், நான் முதல் ஆளா வந்து எழுதறேன்.
ஏஎம்இ சார், இன்ஸ்ட்ரக்டர் அவசரப்பட்டார்னு சொல்லாதீங்க, அவர் இடத்துல யாரா இருந்தாலும் அணைச்சிருப்பாங்க. கேஜ் குழாய்தான் காரணம்னா ஃபில்டரை ஏன் வெட்டணும்?

குரோம்பேட்டை ஏஎம்இ:
ஆயில் மாத்தும்போது வழக்கமா வெட்டுறதுதான். மடிப்புல உலோகத் துகளோட கொஞ்சம் மினுமினுப்பு இருந்தா குறிச்சு வச்சு அடுத்த ஃபில்டரோட ஒப்பிடுவோம். காந்தம் வச்சாரா? ஒட்டினா எஃகு. ஒட்டலேன்னா பேரிங்கா இருக்கலாம், பிஸ்டன் பக்கத்து அலுமினியமாவும் இருக்கலாம்.

நங்கநல்லூர்வாசி:
பாக்கெட்லேருந்து எதையோ எடுத்தார். காந்தமா பேனாவான்னு நான் நின்ன இடத்துலேருந்து தெரியல.

மடிப்பாக்கம் பைலட்:
விமானத்தோட பதிவு எண் ஞாபகம் இருக்கா? எஞ்சின் லாக் புக்ல எழுதியிருப்பாங்க. ஸ்கூலுக்கு ஒரு மெயில் தட்டிப் பாருங்க.